மங்களா அக்காவின் இடது கை

செய்தி வந்தபோது நான் த்ரீ கிங்ஸ் சூப்பர்மார்க்கெட்டில் பால் வாங்க வரிசையில் நின்றிருந்தேன். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அக்காவின் மகள் துளசி ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி போட்டிருந்தாள்: அம்மா இன்று காலை போய்விட்டார். யாரோ ஒருவர் அவசரத்தில் கட்டைவிரல் படத்தை அழுத்திவிட்டு, உடனே அதை எடுத்துவிட்டுக் கும்பிடும் கையைப் போட்டார். அக்கா இருந்திருந்தால் அந்த ஆளை ஒரு வாரம் விட்டிருக்க மாட்டார். "கை காட்ட முன்னம் யோசியும்" என்பது அவர் எங்களை அதிகம் திட்டிய திட்டு.

எதிர்பார்த்த செய்திதான். எதிர்பார்த்த சாவு அவ்வளவாக வலிக்காது என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. பாலை அப்படியே கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். கார் எங்கே நிறுத்தினேன் என்று தெரியாமல் அந்த நிறுத்துமிடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஆக்லாந்தில் லின்ஃபீல்ட் பக்கம் இருக்கும் தமிழர்களுக்கு மங்களா அக்காவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. "மூச்சைப் பிடியுங்கோ, அசையாதேங்கோ" என்று அவர் வாயால் கேட்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். கோயிலில் பிரசாதம் கொடுக்கும் வரிசையை அவர் அதட்டி ஒழுங்கு பண்ணியதையும் பார்த்திருப்பீர்கள். நான் எழுதப்போவது நீங்கள் பார்க்காத இடத்தைப் பற்றி. ஆக்லாந்தில் பனி விழாது. அதற்காகவே வருஷத்துக்கு ஒரு தடவை, குளிர்காலத்தில், விமானம் பிடித்து நியூசிலாந்தின் தென் தீவுக்குப் போய், மலைமேல் ஸ்னோமொபைல் ஓட்டிவிட்டு வருகிற நடுவயதுத் தமிழர் கூட்டம் ஒன்று இங்கே உண்டு. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, அடியில் சுழலும் பட்டை, பைக் மாதிரி ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி. எங்களுக்கு நாங்களே வைத்துக்கொண்ட பெயர் பனிக்கோஷ்டி. அதை ஆரம்பித்தவர் அக்கா.

கல்யாணத்துக்கு முன் அவர் கனடாவில் அண்ணன் வீட்டில் இருந்தவர். அங்கேதான் இந்த வண்டியைப் பழகினார். என்னை அவர் கூப்பிட்ட விதத்தை மறக்க முடியாது. ஒரு பிறந்தநாள் விருந்தில் தட்டோடு என் எதிரே வந்து நின்று, "ரவி, கம்ப்யூட்டருக்கு முன்னால இருந்து இருந்து உமக்குக் கூன் விழுந்துபோச்சு. பனிக்கு வாரும்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் போனேன்.

போவதற்கு முன் பயிற்சி உண்டு. அக்காவின் லின்ஃபீல்ட் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் எங்களை ஒருவர்பின் ஒருவராக நிறுத்துவார். வண்டி கிடையாது; நாங்களே வண்டி. வலது கையை முன்னால் நீட்டி, இல்லாத கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். "வலது பெருவிரலாலதான் வண்டி ஓடுது. அந்த விரலை எடுத்தா வண்டி நிண்டுபோம். அதால கை காட்டுறதெல்லாம் இடக்கை" என்பார். இடது கையை நேராக மேலே தூக்கி உள்ளங்கையை விரித்தால், நில். பக்கவாட்டில் நீட்டினால், இடப்பக்கம் திரும்பப் போகிறேன். முழங்கையை மடக்கி மேலே தூக்கினால், வலப்பக்கம். கட்டைவிரலால் தோளுக்குப் பின்னே சுட்டினால், எனக்குப் பின்னால் ஆள் வருகிறது. கையைப் பொத்தி, தோள் உயரத்துக்குத் தூக்கினால், நான்தான் கடைசி, எனக்குப் பின்னால் யாருமில்லை. நாய் கூட்டிக்கொண்டு வந்த வெள்ளைக்காரர்கள் எங்களைப் பார்த்து வழியை மாற்றிக்கொண்டு போனார்கள்.

அவர்களைவிட அதிகம் சங்கடப்பட்டவர் ஒருவர் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அக்காவின் கணவர் ஞானம் அண்ணன். கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். திருநீறு இல்லாமல் வாசல் தாண்டமாட்டார். இடது கையால் ஒருவருக்கு ஒன்றைக் கொடுத்தோ வாங்கியோ அறியாதவர். "இதென்ன கோலம், மங்களா? எல்லாரும் இடக்கையைத் தூக்கிக்கொண்டு. கோயில் ஆக்கள் கண்டா என்ன நினைப்பினம்?" என்றார். "அவையளையும் வரச் சொல்லுங்கோ, பழக்கிவிடுறன்" என்றார் அக்கா.

இடக்கை மேல் ஞானம் அண்ணனுக்கு இருந்த அதே கூச்சம் மலைமேல் ஒரு ஆளைக் கொன்றிருக்கும். கோயம்புத்தூர்க்காரர் பாஸ்கர் எனக்கு முன்னால் ஓட்டிக்கொண்டிருந்தார். முன்னே போன வழிகாட்டி நிற்கச் சொல்லிக் கை காட்ட, பாஸ்கர் அதை எனக்குக் கடத்த வேண்டும். சோறு தின்னும் கை, கும்பிடும் கை, பெரியவர்களிடம் நீட்டும் கை, எல்லாம் வலதுதானே நமக்கு. பாஸ்கர் வலது கையைத் தூக்கிவிட்டார். விரல் விலகியதும் அவர் வண்டி சட்டென்று தளர்ந்தது. நான் மோதாமல் ஒடித்துத் திருப்பி, மெத்துப் பனிக்குள் இடுப்பளவு புதைந்தேன். பின்னாலிருந்து அக்கா வந்து சேர்ந்தார். நான் பிழைத்தேனா என்று பார்த்த பிறகு பாஸ்கரிடம் போனார்.

"இல்லைங்க்கா, பழக்கதோஷம். கை தானா போயிருச்சு" என்றார் பாஸ்கர்.

"பனிக்கு இடக்கை வலக்கை தெரியாது, பாஸ்கர். பின்னால வாறவனுக்கு உம்மட மரியாதை வேண்டாம். உம்மட கைதான் வேணும்." அன்று மாலைவரை பாஸ்கர் வலது கையுறையில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டிக்கொண்டு ஓட்டினார், ஞாபகத்துக்கு.

அக்கா எப்போதும் கடைசி வண்டியில்தான் வருவார். குறுகலான தடத்தில் எதிரே வேறு கோஷ்டி வந்தால், அவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். நாங்கள் ஒவ்வொருவராகக் கட்டைவிரலால் பின்னே சுட்டிக்கொண்டே தாண்டுவோம். கடைசியில் அக்கா கையைப் பொத்திக் காட்டியதும்தான் அவர்கள் வண்டியை எடுப்பார்கள். ஒரு தடவை கேட்டேன்: "கடைசி ஆள் நான்தான்னு காட்டும்போது ஒரு மாதிரி இருக்காதாக்கா?"

"அதிலயென்ன? எதிர வாறவன் என்ர கையை நம்பித்தான் வெளிக்கிடுறான். பின்னால ஒரு ஆள் வரேக்க நான் பொத்திக் காட்டினா, அந்த ஆள் செத்துப்போம். கையால பொய் சொல்லக் கூடாது, ரவி."

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். ஒவ்வொரு வளைவு தாண்டியதும் திரும்பிப் பார்க்க வேண்டும். பின்னால் வருகிறவரைக் காணோமென்றால் ஓரமாக நின்றுவிட வேண்டும். நம்மைக் காணாமல் நமக்கு முன்னால் போகிறவர் நிற்பார், அவரைக் காணாமல் அவருக்கு முன்னால் போகிறவர். சத்தமே போடாமல் கோஷ்டி முழுக்க நின்றுவிடும். ஒரு வருஷம் மேகம் இறங்கித் தடமே தெரியாமல் வெளுத்துக் கிடந்தபோது, வளைவில் திரும்பினேன், அக்காவைக் காணோம். நின்றேன். எல்லோரும் நின்றார்கள். வழிகாட்டியோடு திரும்பிப் போய்ப் பார்த்தால், எஞ்சின் அணைந்த வண்டியில் உட்கார்ந்து மிக்ஸர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "பயமா இல்லையா உங்களுக்கு?" என்று கத்திவிட்டேன்.

"ஏன் பயம்? நீர் திரும்பிப் பார்ப்பீர்தானே" என்று மிக்ஸரை என் பக்கம் நீட்டினார்.

ஞானம் அண்ணன் ஒருநாளும் வண்டியில் ஏறியதில்லை. குளிர் ஒத்துக்கொள்ளாது. ஆனால் எந்த வருஷமும் வராமல் இருந்ததுமில்லை. அடிவாரத்துக் கொட்டகையில் ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். நாங்கள் இறங்கி வந்ததும் இரண்டு கையாலும் தேநீர் நீட்டுவார். தான் மட்டும் குடிக்கமாட்டார். கடைசி வண்டியின் விளக்கு மலையில் தெரிந்த பிறகுதான் தனக்கு ஊற்றிக்கொள்வார். நாங்கள் அதைக் கிண்டல் பண்ணுவோம். இப்போது அது எனக்குக் கிண்டலாகத் தெரியவில்லை.

சென்ற வருஷம் இலையுதிர் காலத்தில் ஒரு காலை, லின்ஃபீல்ட் வீட்டுச் சமையலறையில் அக்கா விழுந்தார். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் ஒரே நாளில் போயின. வாய் ஓயாமல் அதட்டிய மனுஷிக்கு ஒரு சொல் மிஞ்சவில்லை. மிஞ்சியது இடது கை.

ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது ஞானம் அண்ணன் செய்துகொண்டிருந்ததைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. யாராவது பழமோ பூவோ கொண்டுவந்தால் அக்கா இடது கையை நீட்டுவார். அண்ணன் அந்தக் கையை மெதுவாகப் பிடித்துப் போர்வைக்குள் வைத்துவிட்டு, செத்துக் கிடந்த வலது கையை எடுத்து விரித்து, அதில் பூவை வைப்பார். பூ நழுவிக் கீழே விழும். மறுபடியும் எடுத்து வைப்பார். வந்தவர்களுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியாது.

அன்றைக்கே அவர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "டாக்குத்தர்மார் ஏதேதோ சொல்லுகினம், தம்பி. நடக்கமாட்டாளாம், கதைக்கமாட்டாளாம். அது பரவாயில்லை. நான் பக்கத்தில இருக்கிறது அவளுக்குத் தெரியுதோ? அது மட்டும் தெரிஞ்சாக் காணும் எனக்கு."

அறைக்குத் திரும்பினோம். அண்ணன் கரண்டியால் கஞ்சி ஊட்டினார். இரண்டு வாய் உள்ளே போனதும் அக்காவின் இடது கை போர்வையிலிருந்து வெளியே வந்து, நேரே மேலே போய், உள்ளங்கை விரிந்து நின்றது. அண்ணன் அடுத்த கரண்டியை எடுத்தார்.

"அண்ணே, வேணாம். நிறுத்துங்க. அது ஸ்டாப்" என்றேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். கை இறங்கியது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த நிமிஷத்தில் நான் நம்பினேன். அண்ணனும் நம்பினார். அப்படி நம்பாமல் இருந்திருந்தால் பின்னால் இவ்வளவு வலி இருந்திருக்காது.

அதே வராந்தாவில், இவ்வளவு வருஷம் தள்ளி உட்கார்ந்து மட்டும் பார்த்த பாடத்தை அண்ணன் படிக்க ஆரம்பித்தார். பாஸ்கரும் நானும் காட்ட, அவர் திருப்பிக் காட்டுவார், வலது கையால். "இடதுல காட்டணுங்கண்ணா, அக்காவுக்கு அப்பதான் பழகின மாதிரி இருக்கும்" என்று பாஸ்கர் சொல்லிப் பார்த்தார். அண்ணனின் கை வரவில்லை. "கட்டின மனுசிக்கு இடக்கையைக் காட்டுறதோ, தம்பி?" என்றார். வலது கையாலேயே கட்டிலுக்கு முன்னால் நின்று, இடம், வலம், நில் என்று காட்டிக்கொண்டிருப்பார். அக்கா பார்த்துக்கொண்டே இருப்பார். சில நேரம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். பழைய அக்காவாக இருந்தால் வாயாலேயே கையைத் திருத்தியிருப்பார்.

கொஞ்ச நாள் அக்காவின் கைப்பேச்சு ஓடியது. தலையணையை இந்தப் பக்கம் திருப்பு, திரையை வலப்பக்கம் இழு, போதும், நில். பார்த்துவிட்டு வந்த பனிக்கோஷ்டி ஆட்கள், அக்கா இன்று இதைக் காட்டினார் என்று ஆளுக்கொரு சேதி கொண்டுவந்தார்கள். பிறகு இடம் என்று காட்டினால் வலமாக இருந்தது. கஞ்சி வேண்டுமா என்று கேட்டாலும் நில், வேண்டாமா என்று கேட்டாலும் நில். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்மணி ஒருநாள் பொறுமையாக உட்கார்ந்து சோதித்துப் பார்த்துவிட்டு, தன்மையாகத்தான் சொன்னார்: கை பழகிய பழக்கத்தில் அசைகிறது, கேட்ட கேள்விக்குப் பதிலாக அசைகிறது என்று சொல்ல முடியவில்லை. வெலிங்டனிலிருந்து வந்திருந்த துளசி அறைக்கு வெளியே போய் அழுதாள். அண்ணன் அழவில்லை. "அவளுக்கு விளங்குது" என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் கட்டில் போட்டார்கள். குளிர்காலம் வந்தது. அந்த வருஷம் நாங்கள் மலைக்குப் போகவில்லை, போகலாமா என்று யாரும் கேட்கவுமில்லை. அண்ணன் தினமும் கட்டிலுக்கு முன்னால் நின்று, கட்டைவிரலால் தோளுக்குப் பின்னே சுட்டுவது எப்படி என்று காட்டுவார். பின்னால் ஆள் வருகிறது என்கிற சைகை. அதை ஒருதடவை அவள் திருப்பிக் காட்டினால் போதும், தான் கூட இருப்பது அவளுக்குத் தெரியும் என்று அர்த்தம். அதுதான் அவர் கணக்கு. நான் போகும்போதெல்லாம் கேட்பேன், "இன்னைக்கு?" அவர் தலையை ஆட்டுவார், இல்லையென்று.

இரண்டாவது அடைப்பு வந்த பிறகு அந்தப் பாடமும் நின்றுபோனது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். சாவதற்கு முந்தின பிற்பகல் நான் அங்கே இருந்தேன். அண்ணன் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். துளசி தலைமாட்டில். அக்காவின் இடது கை மெல்ல மெல்ல முழங்கையில் மடிந்து, மேலே ஏறி, விரல்கள் ஒவ்வொன்றாகப் பொத்திக்கொண்டு, தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"அங்கிள், வாட் டஸ் இட் மீன்?" என்று துளசி கேட்டாள்.

வலி மருந்து கொடுக்க வந்திருந்த தாதி குறுக்கிட்டார். தசை இறுகும்போது கை இப்படி மடங்கிப் பொத்திக்கொள்ளும், பலருக்கும் நடப்பதுதான், அர்த்தம் ஒன்றும் தேடாதீர்கள் என்றார். நானும் அதைப் பிடித்துக்கொண்டு, "ஆமாண்ணே, நரம்பு இழுக்குது, அவ்வளவுதான்" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பாடம் முழுவதும் அவருக்கு இப்போது தெரியும், எங்களைவிட நன்றாகவே தெரியும்.

"கடைசி ஆள் எண்டு சொல்லுறாள்" என்றார். "தனக்குப் பின்னால ஒருத்தரும் இல்லையாம்."

"அண்ணே, நர்ஸ் சொல்றதைக் கேளுங்க..."

"அவள் பிழையாக் காட்டமாட்டாள், தம்பி." அக்காவின் காலில் போர்வையை இழுத்துவிட்டு, "நான் நிண்டது தெரியேல்லை அவளுக்கு" என்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். துளசி எவ்வளவோ சொன்னாள், ஆங்கிலத்திலும் வராத தமிழிலும். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். அன்று மாலை யார் நீட்டிய தேநீரையும் அவர் வாங்கவில்லை.

இறுதிச் சடங்கு அன்று, தகனக்கூடத்துக்கு வண்டிகள் கிளம்பும்போது ஒரு பிரச்சினை வந்தது. சவ வண்டிக்குப் பின்னால் முதல் காரில் அண்ணன் போக வேண்டும். அவர் துளசியை அதில் ஏற்றிவிட்டு, தன் பழைய காரை எடுத்துக்கொண்டு வரிசையின் வாலுக்குப் போய்விட்டார். "நீங்க முன்னாடி போகணுங்கண்ணா" என்று பாஸ்கர் கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். "ஆராவது கடைசியில வரவேணும்" என்றார் அண்ணன். அவரைத் தனியாக ஓட்டவிடக் கூடாது என்று கூட ஏறப்போனவரையும் இறக்கிவிட்டார்.

அவருக்கு முன்னால் நான். எனக்கு முன்னால் பாஸ்கர். டொமினியன் ரோட்டில் ஒரு சிக்னல் எங்களைப் பிரித்துவிட்டது. அடுத்த திருப்பத்தைத் தாண்டியதும் கண்ணாடியைப் பார்த்தேன், அண்ணனைக் காணோம். ஓரமாக நிறுத்தினேன். யாரும் யாருக்கும் போன் பண்ணவில்லை. தூரத்தில் பாஸ்கரின் கார் ஓரம் கட்டுவது தெரிந்தது, அதற்கு முன்னால் இன்னொன்று, அதற்கு முன்னால் இன்னொன்று. கடைசியில், ஒன்றும் புரியாத சவ வண்டிக்காரரும் நின்றார். அக்கா மலைமேல் எங்களுக்குப் பழக்கியது ஆக்லாந்து ரோட்டில் நடந்தது. அதை அவர் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அண்ணனின் கார் திருப்பத்தில் வந்தது. நான் நிற்பதைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார். பிறகு, அந்த மனுஷனிடம் நான் ஒருநாளும் பார்த்திராத காரியம் ஒன்றைச் செய்தார். இடது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தார். விரல்களைப் பொத்தினார். தோள் உயரத்துக்குத் தூக்கி, நான் வண்டியை எடுக்கும்வரை இறக்காமல் காட்டிக்கொண்டே இருந்தார்.

இந்தக் குளிர்காலத்திலும் பனிக்கோஷ்டி போகப்போவதில்லை. கோஷ்டி என்று ஒன்று இருக்கிறதா என்றே தெரியவில்லை. நான் பார்க்கப் போனால் அண்ணன் கதவைத் திறக்கிறார், உட்காரச் சொல்கிறார், கொஞ்சம் இருந்துவிட்டு நான் எழுந்து வருகிறேன். மங்களா அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம்தான்: வளைவு தாண்டியதும் திரும்பிப் பார்ப்பது. தகனக்கூடத்துக்குப் போன அன்றைக்கும் பார்த்தேன். அண்ணன் காட்டியது சரியாகத்தான் இருந்தது. அவருக்குப் பின்னால் யாரும் வரவில்லை.